காற்றும் மழையும் அறிந்த வீடுகள்

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்னும் பழமொழி செலவை மட்டும் கருதி எழுந்ததன்று. ஓரிடத்தில் வீடு எழுப்பப் புகுவோர் அவ்விடத்தின் வெயில், காற்று, மழை, நிலத்தின் சரிவு ஆகிய யாவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் நம் முன்னோர் கட்டிய வீடுகளில் நடுமுற்றம் வெளிச்சமும் காற்றும் தந்தது. தாழ்வாரம் மழைச் சாரலைச் சுவருக்கு எட்டாமல் தடுத்தது. திண்ணை வழிப்போக்கருக்கும் நிழல் அளித்தது. அத்தகைய வீடுகளை விட்டு மும்பைக்கு வந்த தமிழர் எவ்வகை வீடுகளில் குடியேறினர், அந்நகரின் இயற்கைக்கு இசைந்த வீட்டை அமைக்க முயன்றோர் யாவர் என்பதை இன்று காண்போம்.

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடந்தந்தன என அன்றைய அரசினர் கருதினர். அதன் விளைவாக 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பெற்றது. தாதர், மாதுங்கா பகுதிகளின் அகன்ற வீதிகளும், ‘ஐந்து தோட்டங்கள்’ எனப்படும் பூங்காக்களும் அதன் திட்டத்தில் உருவானவையே. அருகில் பார்சிகளின் குடியிருப்பை உருவாக்கிய மஞ்சேர்ஜி ஜோஷி என்னும் பொறியாளர், வீதிக்கு ஒரு வகை மரம் எனத் தேர்ந்து நடச் செய்தார்.

1920-ஆம் ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழர் பலர் மாதுங்காவின் மாடிக் கட்டடங்களில் வாடகைக்கு அமர்ந்தனர். முற்றமும் கொல்லையும் உடைய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, சமையலறையும் கழிவறையும் ஒரே கதவுக்குள் அடங்கிய ‘ஃபிளாட்’ புதுமையாக இருந்தது. எனினும் வீதி மரங்களின் நிழலும், பால்கனிக்கு வந்த மாலைக் காற்றும் அவ்வாழ்வை எளிதாக்கின. அங்கு வீட்டிற்கு இதம் தந்தது வீட்டின் அமைப்பு மட்டுமன்று. வீதியின் அமைப்புமே ஆகும்.

நகரம் உயர்ந்து வளர்ந்தபோது, இவ்விதத்தைப் பல மாடிக் கட்டடத்திலும் பெறக்கூடுமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடியவர் சார்லஸ் கொரியா. 1930-இல் செகந்தராபாத்தில் பிறந்து, அமெரிக்காவில் கல்வி பயின்று, 1958 முதல் பம்பாயில் தொழில் நடத்திய கட்டடக் கலைஞர் அவர். மும்பையில் கடற்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. பிற்பகல் வெயிலும் பருவமழையின் சாரலும் அத்திசையிலிருந்தே தாக்குகின்றன. காற்றுக்குக் கதவைத் திறந்தால் வெயிலும் மழையும் உடன் நுழையும். பழைய பங்களாக்கள் சுற்றிலும் வராந்தா வைத்து இச்சிக்கலைத் தீர்த்தன. அவ்வழியைக் கொரியா உயரத்திற்குக் கொண்டு சென்றார். 1983-இல் கம்பாலா குன்றில் நிறைவெய்திய ‘காஞ்சன்ஜங்கா’ என்னும் 28 மாடிக் கட்டடத்தின் மூலைகளில், இரண்டு மாடி உயரமுள்ள தோட்ட முற்றங்களைக் குடைந்து அமைத்தார். அவை வராந்தாவின் பணியைச் செய்கின்றன.

அது செல்வர்க்குரிய மாளிகை. எளியோர்க்கு அவர் அமைத்ததைக் காண, செம்பூரில் துறைமுக ரயில் தடத்தில் ஏறித் தாணே கழியைக் கடந்து பேலாப்பூர் செல்லவேண்டும். அங்கே 1980-களில் ஏறத்தாழ ஆறு ஹெக்டேர் நிலத்தில், சுமார் 550 குடும்பங்களுக்குத் தாழ்ந்த வீடுகளை வகுத்தார். ஏழு வீடுகள் ஒரு சிறு முற்றத்தைச் சூழ்ந்திருக்கும். அத்தகைய மூன்று தொகுதிகள் சேர்ந்து ஒரு பெரிய முற்றத்தைச் சூழும். நிலத்தின் நடுவே ஓடிய ஓடை மூடப்படவில்லை. மழைநீருக்கு அது வழியாயிற்று. குடும்பம் பெருகும்போது அண்டை வீட்டாரைத் தொல்லைப்படுத்தாமல் வீட்டைப் பெருக்கிக்கொள்ள, ஒவ்வொரு வீட்டிற்கும் தனிச்சுவர் தரப்பெற்றது.

கொரியா 2015-இல் மறைந்தார். ஓட்டுக்கூரை வேய்ந்த அவ்வீடுகளில் பலவும் இடிக்கப்பட்டு, காங்கிரீட் மாடி வீடுகளாக மாறிவிட்டன. இது திட்டத்தின் தோல்வியா? வீடு மாறும் என்பதை அவரே எதிர்பார்த்தார். ஆனால் மாடிகள் உயருமளவிற்கு முற்றத்தில் விழும் வெளிச்சம் குறைகிறது. பொதுமுற்றத்தைக் காக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞரிடமிருந்து குடியிருப்போரின் கைக்கு வந்துவிடுகிறது.

இக்கேள்வி தாராவித் தமிழர்க்கு இன்னும் நெருக்கமானது. மாஹிம் கழியின் சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் அங்கே தோல் பதனிட்டனர். சௌராஷ்டிரத்துக் குயவர் வீட்டு வாயிலிலேயே பானை வனைந்து உலர்த்தினர். தாழ்ந்த வீடும் அதன் வாயிலும் அவர்க்குத் தொழிற்கூடமாகவும் பயன்பட்டன. காற்றோட்டமும் நல்ல வடிகாலும் அங்கே குறைவு என்பதும் மறைக்கத்தக்கதன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மீட்டி ஆறு கரைபுரண்டது. ஆற்றின் கரைகளையும் சதுப்பையும் நெருக்கிக் கட்டியதன் விலையை நகரம் அன்று கொடுத்தது.

தாராவியைப் புதுப்பிக்கும் திட்டம் 2004 முதல் பேசப்பட்டு வருகிறது. உறுதியான வீடு அங்குள்ளோர்க்கு வேண்டும், அதில் ஐயமில்லை. அவ்வீட்டில் குயவர் பானை உலர்த்த இடமிருக்குமா, மாலைக் காற்று எத்திசையிலிருந்து நுழையும், மழைநீர் எவ்வழி கழிக்குச் சேரும் என்பவற்றையும் கேட்டல் வேண்டும். மாதுங்காவின் வீதிகளும் பேலாப்பூரின் முற்றங்களும் இக்கேள்விகளைக் கேட்ட பின்னரே வரையப்பெற்றன. புது வீடு வாங்க முற்படும் நேயர்கள், எந்த மாநிலத்தில் வாழினும், சதுர அடியைக் கணக்கிடும் முன்னர் அவ்வூரின் காற்றின் திசையையும் நீரின் வழியையும் விசாரித்தறிதல் நலம்.