வெள்ளைக்கழிச்சலின் உள்ளடி வேலை

கோடை தொடங்கும்போது கொல்லைக் கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் சாய்வதை சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்கள் தலைமுறைகளாகப் பார்த்திருக்கின்றன. ஒரு வீட்டில் சீக்கு விழுந்தால் தெருவே காலி. மிஞ்சிய கோழியை அறுத்துவிடுவது அல்லது சந்தையில் தள்ளிவிடுவது, இரண்டுதான் தெரிந்த வைத்தியம். சந்தையில் தள்ளிய கோழியோடு சீக்கும் அடுத்த ஊருக்குப் போனது.

1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இதே நோய் அடையாளம் காணப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து முக்தேசுவரம் கால்நடை ஆய்வு நிலையத்தின் எட்வர்ட்ஸ், குமாவோன் மலையின் ராணிக்கெட் வட்டாரத்தில் கண்ட கோழிக் கொள்ளைநோயைப் பற்றி எழுதினார். அந்த ஊர்ப் பெயரே இந்தியாவில் நோய்க்கும் நின்றுவிட்டது. 1940-களில் முக்தேசுவரத்தில் இந்த நோயின் வைரஸைக் கருமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பண்ணைக்காரர்கள் இன்றும் ஆர்2பி என்று சொல்லும் தடுப்பூசி வகை. வீரியம் குறைந்ததே தவிர முழுக்க அடங்கவில்லை. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் குஞ்சே போய்விடும். எட்டு வாரமாவது ஆக வேண்டும். குஞ்சுகளுக்கென்று எஃப், லசோட்டா என்ற மென்மையான வகைகள் தனியே வந்தன. லசோட்டா என்பது, அந்த வைரஸ் கிடைத்த அமெரிக்கப் பண்ணைக்காரரின் பெயர்.

நாமக்கல் முட்டைக்குப் பேர்போன கதையைச் சொல்பவர்கள் மானாவாரி நிலத்தின் வறட்சியைச் சொல்வார்கள், லாரித் தொழிலில் வந்த பணத்தைச் சொல்வார்கள், 1982-இல் தொடங்கிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைச் சொல்வார்கள். 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்ததையும் விடமாட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழியைக் கூண்டில் அடைக்கும் துணிச்சலை முதலில் தந்தது கண்ணில் விடும் சொட்டு மருந்தும் ஊசியும். அவை இல்லையென்றால் இந்தத் தொழில் ஒரு கோடையைக்கூடத் தாண்டியிருக்காது. 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்ததும், பிறகு தலைவாசலில் கோழிநோய் ஆய்வகம் அமைந்ததும் நோய் பற்றிய இந்தக் கவலையின் தொடர்ச்சிதான்.

தடுப்பூசி வேலை செய்தது. ஆனால் ஊசி போடாத கோழியை இந்த வைரஸ் எப்படி இத்தனை வேகமாகச் சாய்க்கிறது? அதற்கான விடை வெகுகாலம் கழித்துத்தான் தெரியத் தொடங்கியது. அதன் முதல் நூல், வேடிக்கையாக, கோழிமுட்டையிலிருந்தே கிடைத்தது. 1957-இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் ஐசக்ஸ், லிண்டன்மன் இருவரும் கருமுட்டையின் உள்சவ்வுத் துண்டுகளைச் சூட்டில் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸோடு ஊறவிட்டார்கள். ஊறிய நீரில் புதுச் சவ்வை இட்டபோது, உயிருள்ள வைரஸையும் அது எதிர்த்து நின்றது. சவ்விலிருந்து கசிந்த அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள்.

இன்டர்ஃபெரான் செய்வது தண்டோரா வேலை. வைரஸ் நுழைந்த உயிரணு தான் பிழைக்காவிட்டாலும் அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்குச் சேதி சொல்லிவிடுகிறது. முதலில் எம்டிஏ5 போன்ற காவல் புரதங்கள் வைரஸின் ஆர்என்ஏவைத் தொட்டுப் பார்த்து அடையாளம் காண வேண்டும். அதன் பிறகே இன்டர்ஃபெரான் சுரக்கும். சேதி கிடைத்த உயிரணுவுக்குள் ஸ்டாட்1 என்ற புரதம் அதை உட்கருவுக்கு எடுத்துச்செல்ல, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் எதிர்ப்புக்கு எழும்.

கழிச்சல் வைரஸ் இந்தச் சங்கிலியில் இரண்டு இடத்தில் கைவைக்கிறது. அதன் கையாள் ‘வி’ என்ற சின்னப் புரதம். அதற்குத் தனி மரபணு கிடையாது. பி என்ற வேறொரு புரதத்தின் செய்தியைப் படியெடுக்கும்போது நடுவில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்துவிட்டால் வி பிறக்கிறது. 2003-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சிபா சாமல் குழு இந்தப் புரதம் இல்லாத வைரஸை உருவாக்கிப் பார்த்தது. அதன் நோய்வீரியம் இறங்கிப்போயிருந்தது. வி புரதம் ஸ்டாட்1-ஐச் சிதைவுக்கு அனுப்புகிறது என்பதும் அந்த ஆண்டுகளில்தான் தெளிவானது. 2004-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், இதே குடும்பத்து வைரஸ்களின் வி புரதங்கள் எம்டிஏ5-ஐப் பற்றிப்பிடித்து முடக்குவதைக் கண்டார்கள்.

கோழிக்கு இது இரட்டை இடி. பாலூட்டிகளில் இந்த வைரஸை முதலில் மோப்பம் பிடிப்பது ரிக்-ஐ என்ற இன்னொரு காவல் புரதம். கோழியிடம் அது இல்லை, வாத்திடம் இருக்கிறது. இதை 2010-இல் கனடாவின் ஆல்பர்ட்டா ஆய்வாளர்கள் காட்டினார்கள். பறவைக் காய்ச்சலை வாத்து பெரும்பாலும் தாங்கிக்கொள்ள, கோழி சாய்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கோழிக்கு மிஞ்சியிருக்கும் காவல் எம்டிஏ5. வி புரதம் பிடிப்பதும் அதைத்தான்.

மனித உயிரணுக்களில் இதே வி புரதத்தின் பாச்சா பலிப்பதில்லை. பண்ணையிலும் ஆய்வகத்திலும் வேலை செய்பவர்களுக்கு இந்த வைரஸ் பட்டால் பெரும்பாலும் கண் சிவந்து சில நாளில் ஆறிவிடுவதன் பின்னணி அதுதான்.

கோழி அம்மையின் தந்திரம் வேறு. அதன் வைரஸ் பெரியது. 2000-இல் மரபணுத் தொகுதியைப் படித்தபோது 260 மரபணுக்கள் எண்ணப்பட்டன. உயிரணுவுக்குள் ஒளிந்து வேலைசெய்யாமல், காமா என்ற வகை இன்டர்ஃபெரானைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை வெளியே கசியவிடுகிறது. முயல்களைக் கொல்லும் மிக்சோமா வைரஸும் இதையே செய்வது 1992-இல் தெரிந்திருந்தது. இன்டர்ஃபெரான் வந்து ஒட்டும் முயலின் சொந்த ஏற்பியைக் காப்பியடித்த புரதம் அது. 2003-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ஆய்வாளர்கள் கண்ட கோழி அம்மைப் புரதமோ எதையும் காப்பியடிக்காத புதுவடிவம்.

இந்த வரிசையில் பண்ணைக்காரர்களை அதிகம் ஏமாற்றியது கம்போரோ. அமெரிக்காவில் 1962-இல் விவரிக்கப்பட்டு, இந்தியாவில் 1971-இல் பதிவான நோய். அதன் விபி3 புரதம் வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவைப் போர்த்தி எம்டிஏ5 கண்ணில் படாமல் மறைக்கிறது. அதோடு, எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்கள் வளரும் பர்சா உறுப்பையே வைரஸ் தின்றுவிடுகிறது. அந்தக் குஞ்சுகளுக்கு முறைப்படி ராணிக்கெட் மருந்து கொடுத்தாலும் சரியாகப் பிடிக்காது. மருந்து மட்டம் என்று திட்டுவதற்கு முன் பர்சாவைப் பார்த்திருக்க வேண்டிய பண்ணைகள் பல.

பெரிய பண்ணைகளுக்கு மருந்து அட்டவணையும் ஆய்வகமும் உண்டு. கொல்லைக் கோழிக்கு அவை இல்லை. அதற்காகவே தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில், கோடைக்கு முன்பாக, கழிச்சல் நோய்க்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இலவசமாகவே ஊசி போடுகிறார்கள். பத்துக் கோழி வைத்திருப்பவர்களும் கூடையில் போட்டுக் கொண்டுபோய்விட்டால் நல்லது.