"சும்மா ரெண்டு டொலர்": ஒன்ராறியோ அரசாங்கம் பந்தயம் பிடித்த கதை

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஸ்காபரோவிலிருந்து மாமா வந்திருந்தார். அவருடைய பேர்ஸுக்குள் எழுத்து மங்கிப்போன ஒரு சின்னக் கடதாசித் துண்டு இருந்தது. என்னவென்று கேட்டேன். ஐஸ் ஹொக்கிப் போட்டிகள் மூன்றுக்குப் பந்தயம் கட்டிய பழைய சீட்டாம். "மூண்டில ரெண்டு சரி. மேப்பிள் லீவ்ஸ்தான் கவிட்டுட்டாங்கள்" என்று சிரித்தார்.

"அப்ப இது சூது தானே மாமா?"

"சூதில்லைப் பிள்ளை. அரசாங்கத்தின்ர லொத்தர். சும்மா ரெண்டு டொலர்."

அந்தப் பதில் எனக்குள் கிடந்து உறுத்தியது. தனியாள் நடத்தினால் சூது, அரசாங்கம் நடத்தினால் லொத்தர். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

கனடாவில் 1892இன் குற்றவியல் சட்டம் லொத்தரைத் தடை செய்திருந்தது. குதிரைப் பந்தயம், தர்ம காரியங்களுக்கான சின்னச் சீட்டிழுப்பு போன்ற சில விலக்குகள் மட்டும் இருந்தன. 1968இல் மொன்றியல் மேயர் ஜோன் ட்ராப்போ, நகரத்தின் கடனை அடைக்க ஒரு சீட்டிழுப்பைத் தொடங்கினார். லொத்தர் என்று சொன்னால் சட்டம் விடாது. அதனால் அவர் அதற்கு வைத்த பெயர் "விருப்ப வரி". நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் அடுத்த வருசமே, 1969இல், பியர் ட்ரூடோவின் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, மத்திய அரசும் மாகாணங்களும் லொத்தர் நடத்தலாம் என்றது. ஒன்ராறியோ 1975இல் தன் லொத்தர் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது.

பிறகு மத்திய அரசும் மாகாணங்களும் அந்தக் காசுக்கு அடிபட்டன. 1984இல் மத்திய அரசு, கல்கரியில் நடக்கவிருந்த 1988 குளிர்கால ஒலிம்பிக்குக்குக் காசு சேர்க்கவென்று பேஸ்போல் முடிவுகளை ஊகிக்கும் சீட்டொன்றை விற்றது. "எங்கட வருமானத்தில கை வைக்கிறியள்" என்று மாகாணங்கள் கொதித்தன. சீட்டும் விற்கவில்லை. சில மாதங்களிலேயே பெரிய நட்டத்தோடு மூடிவிட்டார்கள். 1985இல் சமாதானம் வந்தது. மாகாணங்கள் மத்திய அரசுக்கு வருசா வருசம் ஒரு தொகை கொடுக்கும், மத்திய அரசு லொத்தர் பக்கமே வராது.

அந்த ஒப்பந்தத்தோடு வந்த சட்டத்திருத்தத்தில் ஒரு சின்ன வாசகம் இருந்தது. மாகாணங்கள் விளையாட்டுப் பந்தயம் நடத்தலாம், ஆனால் தனி ஒரு போட்டியின் மீது பந்தயம் எடுக்கக் கூடாது. காரணம் விளங்கக்கூடியது. ஒரு போட்டியை விலைக்கு வாங்கலாம். ஒரே நாளில் மூன்று நான்கு போட்டிகளை வாங்குவது லேசில்லை.

1992இல், பொப் ரே முதல்வராக இருந்த காலத்தில், ஒன்ராறியோவில் "புரோ-லைன்" வந்தது. மூலைக்கடையில் பால் வாங்குகிற இடத்திலேயே சீட்டு. குறைந்தது மூன்று போட்டிகளைத் தெரிவு செய்து, பென்சிலால் கட்டத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாம் சரிவந்தால்தான் காசு. மாமாவைப் போல மூன்றில் இரண்டு சரியென்றால் ஒன்றும் இல்லை.

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இது உதாரணத்துக்கு நானே போட்ட கணக்கு. இரண்டு அணிகளும் சம பலம் என்று வைப்போம். நியாயமாகப் பார்த்தால் வென்றவருக்கு ஒரு டொலருக்கு இரண்டு டொலர் வர வேண்டும். நடத்துகிறவர் 1.70 தான் கொடுக்கிறார் என்றால், நீண்டகாலத்தில் 100 டொலரில் 15 டொலர் அவருக்கு. மூன்று போட்டிகளைச் சேர்த்துக் கட்டினால் இந்த வெட்டு மூன்று தரம் விழும். 100 டொலரில் ஏறக்குறைய 39 டொலர் போய்விடும்! விளையாட்டைக் காப்பாற்ற வைத்த விதி, சீட்டு வாங்கியவரைக் காப்பாற்றவில்லை. லொத்தர் நடத்துகிறவருக்குத்தான் அது வாய்த்தது.

அடுத்த வருசமே ஒரு சண்டை வந்தது. 1993இல் ரொறன்ரோவுக்குக் கூடைப்பந்து அணி ஒன்றைக் கொடுக்க என்.பி.ஏ. சம்மதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: புரோ-லைன் சீட்டில் எங்கள் போட்டிகள் இருக்கக் கூடாது, பந்தயம் விளையாட்டைக் கெடுக்கும். லொத்தர் காசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது என்பது மாகாணத்தின் வாதம். மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் ஒன்ராறியோ இறங்கியது. 1995இல் ராப்டர்ஸ் அணி களமிறங்கியபோது சீட்டில் என்.பி.ஏ. போட்டிகள் இல்லை.

இருபது வருசத்தில் எல்லாம் தலைகீழானது. தனிப் போட்டிப் பந்தயத்தை அனுமதிக்கும் மசோதா 2012இல் கனடாவின் கீழ்ச்சபையில் நிறைவேறியது. பெரிய விளையாட்டு லீக்குகள் எதிர்த்தன. செனட்டில் கிடந்து 2015இல் செத்துப்போனது. ஆனால் 2014இலேயே என்.பி.ஏ. தலைவர் அடம் சில்வர், பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார். 2018இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அங்கிருந்த தடையை நீக்கியது. 2021 ஓகஸ்ட் 27 முதல் கனடாவிலும் தனிப் போட்டியில் பந்தயம் கட்டலாம். 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ தனியார் நிறுவனங்களுக்கும் இணையத்தில் கதவைத் திறந்தது. விளம்பரம் தாங்க முடியாமல் போய், 2024இல் விளையாட்டு வீரர்கள் சூதாட்ட விளம்பரத்தில் வரக் கூடாது என்று தடுக்க வேண்டி வந்தது.

அதே 2024 ஏப்ரலில் ஜொன்ரே போர்ட்டர் என்ற வீரருக்கு என்.பி.ஏ. ஆயுள் தடை விதித்தது. தன் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரருக்குச் சொல்லி, ஒரு போட்டியில் சுகமில்லை என்று பாதியில் வெளியேறியவர் அவர். அவர் குறைவாகத்தான் புள்ளி எடுப்பார் என்று அமெரிக்காவில் ஒருவர் 80,000 டொலர் கட்டியிருந்தார். போர்ட்டர் விளையாடிய அணி எது தெரியுமா? ரொறன்ரோ ராப்டர்ஸ். எந்த அணிக்காக லொத்தர் சீட்டிலிருந்து கூடைப்பந்தை எடுத்தார்களோ, அதே அணி.

அப்படியென்றால் பழைய தடையே நல்லது என்று சொல்கிறேனா? இல்லை. தடை இருந்த காலத்திலும் கள்ளப் பந்தயம் நடந்தது, அங்கே கேட்பார் இல்லை. நான் சொல்வது வேறு. இந்த ஐம்பது வருசக் கதையில் சட்டம் மாறிய ஒவ்வொரு தடவையும் முதலில் எழுந்த கேள்வி, காசு யாருக்குப் போகும் என்பதுதான். மத்திய அரசுக்கா, மாகாணத்துக்கா, லீக்குக்கா? சீட்டு வாங்குகிறவருக்கு என்ன ஆகும் என்பது எப்போதும் கடைசியில்தான் வந்தது.

இது தூரத்துக் கதையும் இல்லை. எங்கள் கம்பசில் பாதிப் பேர் எதிர்பார்த்திருக்கும் மஹாபொல நிதிக்கும் லொத்தர் வருமானத்தில் பங்கு போகிறது. பஸ் ஸ்ராண்டில் சீட்டு வாங்கும் ஐயாவின் காசில்தான் நான் போட்டோக்கொப்பி எடுக்கிறேன். அதற்காக மஹாபொலவை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் "நல்ல காரியத்துக்குப் போகுது" என்ற ஒரு வரி, நூறு ரூபாயில் எவ்வளவு திரும்பி வருகிறது, யார் அதிகம் வாங்குகிறார்கள் என்ற கேள்விகளை மூடிவிடக் கூடாது.

மாமா திரும்பிப் போகும்போது கேட்டேன், இன்னும் சீட்டு வாங்கிறனீங்களோ என்று.

"இப்ப கடைக்குப் போகத் தேவையில்லைப் பிள்ளை. எல்லாம் போனிலயே இருக்கு."

இந்தத் தடவை எத்தனை டொலர் என்று அவர் சொல்லவில்லை.