பகல்விளக்கும் பிற்பகல் சுற்றும்

கொச்சியில் 1912இல் பிறந்த யூதப் பெண் ரூபி டேனியல், 1951இல் இஸ்ரேலுக்குக் குடியேறினார். பார்பரா ஜான்சனின் துணையோடு அவர் எழுதிய நினைவுநூல் 1995இல் வெளிவந்தது. அவரைப் போல் ஊரை விட்டுப் போனவர்களின் இளமை நினைவுகளில் ஒரு திருநாள் தனித்து நிற்கிறது: சிம்ஹத் தோரா. ஆண்டு முழுதும் வாரந்தோறும் ஓதிய தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, முடித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் நாள் அது.

அன்று தோராச் சுருள்களை ஏந்திச் சுற்றி வருவது யூதர்களுக்கு எங்குமுள்ள வழக்கம். கொச்சியில் மட்டும் பிற்பகலில் இன்னொரு சுற்று இருந்தது. வெள்ளித் தகடு வேய்ந்த மர உறைக்குள் நிற்கும் சுருள், உச்சியில் கிரீடத்தோடு, கட்டடத்தை விட்டு வெளியே வரும். பள்ளியையே வலம் வருவார்கள். கேரள யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தைப் பள்ளி என்பார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நாதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்க்கும் 1993இல் வெளியிட்ட நூலில் ஒரு விடை இருக்கிறது. சுருள்களைத் தற்காலிகப் பேழையில் காட்சிக்கு வைப்பது, வெளியே சுற்றி வருவது, விழா முடிந்ததும் அந்தப் பேழையைப் பிரித்துப் போடுவது ஆகிய மூன்றும் கொச்சிக்கே உரியவை என்று காட்டி, அவற்றை அக்கம்பக்கத்துக் கோயில் திருவிழாக்களோடு ஒப்பிடுகிறார்கள். மூர்த்தி எழுந்தருள்வது, உலா வருவது, இறுதியில் நீரில் கரைப்பது என்ற வரிசை உடனே நினைவுக்கு வரும். பொருத்தம் கச்சிதமானது, அதனாலேயே எனக்குத் தயக்கம். ஒன்றுபோல் இருப்பதால் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகிவிடாது.

ஆகவே பழைய சான்று ஒன்றுக்குப் போனேன். கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசிப் பள்ளியின் செப்பேடு, பாஸ்கர ரவி என்ற சேர மன்னர் சுமார் 1000ஆம் ஆண்டளவில் இஸ்ஸுப்பு இரப்பான் என்னும் ஜோசப் ரப்பானுக்கு வழங்கியது. வட்டெழுத்தில் உள்ள அதன் உரிமைப் பட்டியலைத் தமிழ் வாசகர் பெரும்பாலும் அகராதியில்லாமலே படிக்கலாம். பகல்விளக்கு, அதாவது பகலிலும் முன்னே ஏந்திச் செல்லும் விளக்கு. பாவாடை, நடந்துவர விரிக்கும் துணி. குடை, வடுகப்பறை, காகளம் என்னும் ஊதுகொம்பு, தோரணம். பட்டியலில் பெரும்பகுதி ஊர்வல மரியாதைகள்! மலபாரில் விளக்கும் குடையும் பறையுமாகச் செல்வது கோயிலுக்கு மட்டும் உரியதல்ல. மன்னர் பட்டயம் எழுதித் தரும் சமூகத் தகுதி அது. கொச்சி யூதர்கள் கோயிலைப் பார்த்துத்தான் உலாவைக் கற்றிருக்க வேண்டும் என்பதில்லை. உலா வரும் உரிமை அவர்கள் கையிலேயே எழுத்தாக இருந்தது.

இதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். செப்பேடு ஒரு மனிதருக்கும் அவர் வழியினருக்கும் தரப்பட்டது; அதில் திருநாளும் இல்லை, தோராவும் இல்லை. பிற்பகல் சுற்றும் கட்டடத்தைச் சுற்றிய நடையே தவிர, தெருவோடு போகும் பவனி அல்ல. கொச்சியை அடுத்த பறவூர், சேந்தமங்கலம் பள்ளிகளின் மதில் சூழ்ந்த முற்றத்தைப் பார்த்தால் அந்த நடையின் அளவு புரியும். ஆயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே தாவலில் கடப்பது முறையல்ல. செப்பேட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே: வெளியே உலா வருவது அந்தச் சமூகத்துக்குக் கடன் வாங்கிய பழக்கமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பேழையைப் பிரித்துப் போடும் வழக்கத்துக்கோ செப்பேட்டில் எந்தத் துணையும் இல்லை. அந்த ஒன்றில் காட்ஸ், கோல்ட்பர்க் வாதமே வலுவாக நிற்கிறது.