ஒரு பல்புக்கு எத்தனை ஆடு?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னிக்கு நாம பேசப்போறது வெளிச்சத்தோட வரலாறு. எங்க அப்பாயிகிட்டேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரம்பலூர்ல இறங்கி, அரியலூர் போற பஸ்ஸைப் பிடிச்சு, நடுவுல இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தா எங்க ஊர். ராத்திரி 2 மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்து வெளியில வந்தேன். திண்ணையில அப்பாயி கண்ணு மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கு. தூங்கல.

"தலைவலியா அப்பாயி?"ன்னு கேட்டேன்.

"இல்ல கண்ணு, லைட்டு கண்ணைக் குத்துது. முன்னெல்லாம் கோழி கூப்பிட்டா விடியப்போவுதுன்னு தெரியும். இப்ப கோழியே குழம்பிப்போயி நடுராத்திரியில கூவுது."

வாசல்ல இருக்கிற கம்பத்துல முன்னாடி ஒரு டியூப்லைட் இருந்துச்சு. பாதி நாள் எரியாது, எரிஞ்சாலும் மினுக்கிக்கிட்டே இருக்கும். இப்ப எல்.இ.டி. வெள்ளை வெளேர்னு வெளிச்சம், திண்ணை தாண்டி வீட்டுக்குள்ளயும் அடிக்குது. ஒரு காலத்துல வெளிச்சத்துக்குத் தவிச்ச ஊரு, இப்ப வெளிச்சத்தை மறைக்கத் துண்டு தேடுது. இது எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்க 1,000 வருஷம் பின்னாடி போகணும்.

96 ஆடும் ஒரு விளக்கும்

நம்ம பக்கத்துல பழைய கோயில்களுக்குக் குறைவே இல்ல. கங்கைகொண்ட சோழபுரம், திருமழபாடி, மேலப்பழுவூர், கீழையூர் எல்லாமே இன்னிக்கு அரியலூர் மாவட்டம். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிச்சா, திரும்பத் திரும்ப வர்ற ஒரு தானம் நந்தா விளக்கு. நந்தா விளக்குன்னா ராத்திரி பகல் அணையாம எரியுற விளக்கு.

அதுக்குச் செலவு? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல கணக்கு தெளிவா இருக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடுகளை ஒரு இடையர்கிட்ட ஒப்படைப்பாங்க. அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். உழக்குன்னா நாழியில கால் பங்கு. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுல வர்ற பேரு 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு. கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி போட்டு மந்தை அதே எண்ணிக்கையில நிக்கணும்ங்கிறதுதான் ஒப்பந்தம். அவருக்கு அப்புறம் அவர் வாரிசுங்களும் நெய் அளக்கணும்.

இன்னொரு விஷயம். வேட்டைக்குப் போன இடத்துல தவறிப்போய் அம்பு பட்டு ஒருத்தர் செத்துட்டா, அம்பு விட்டவர் கோயில்ல ஒரு விளக்கு வைக்கணும்னு சபை தீர்ப்பு சொன்ன கல்வெட்டுகள் உண்டு. ஒரு உயிருக்கு ஈடா ஒரு விளக்கு. வெளிச்சம் அவ்வளவு பெரிய சொத்து.

கோயிலுக்கே இந்த நிலைமைன்னா வீட்டுல எப்படி இருந்திருக்கும்? சுவத்துல ஒரு மாடக்குழி, அதுல ஒரு அகல். நம்ம பேச்சுலயே அந்தக் காலம் ஒட்டிக்கிட்டு இருக்கு. 'விளக்கு வைக்கிற நேரம்'னு ஒரு பொழுதுக்கே பேரு. விளக்கை 'அணை'ன்னு சொல்ல மாட்டாங்க, 'குளிர வை'ம்பாங்க. விளக்கு வெச்ச பிறகு வீட்டைக் கூட்டக்கூடாது, ஊசி கடன் கொடுக்கக்கூடாது. சாஸ்திரம்னு சொன்னாலும் எனக்கு அது நடைமுறை அறிவாத்தான் படுது. அகல் வெளிச்சத்துல கூட்டினா, கீழ விழுந்த தோடும் குப்பையோட போயிடும். ஊசி விழுந்தா கால்லதான் தேடணும்.

சீமெண்ணெயிலேர்ந்து குண்டு பல்பு வரைக்கும்

அப்புறம் சீமெண்ணெய் வந்துச்சு. சிம்னி விளக்கு, அரிக்கேன். கல்யாணம், கூத்துன்னா வாடகைக்குப் பெட்ரோமாக்ஸ். அதுக்கும் அப்புறம் கரண்ட். குடிசைகளுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச இணைப்புல ஆரம்பத்துல ஒரே ஒரு 40 வாட் குண்டு பல்புதான் அனுமதி. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பல்புக்குக் கீழ சுத்தி உக்காந்து படிச்ச கதையை அப்பாயி இன்னும் சொல்லும்.

இதையெல்லாம் ஏன் வரிசையா சொல்றேன்னா, ஆட்டு நெய்லேர்ந்து குண்டு பல்பு வரைக்கும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. நெய் அளக்குற இடையர், சீமெண்ணெய் எவ்வளவு மிச்சம்னு பாட்டிலைத் தூக்கிப் பாக்குற அம்மா, "லைட்டை நிறுத்து, மீட்டர் ஓடுது"ன்னு கத்துற அப்பா. எங்க ஊர்ல தண்ணித் தொட்டி ஆபரேட்டர் அண்ணன்தான் தெருவிளக்கு ஸ்விட்சைச் சாயங்காலம் போட்டு, விடியக்காலையில நிறுத்துவாரு. வெளிச்சத்துக்கு ஒரு காவலாளி எப்பவும் இருந்தாரு.

நீல நிறம் வந்த கதை

எல்.இ.டி. புதுசு இல்ல. 1962-லயே அமெரிக்காவுல நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியுற சிவப்பு எல்.இ.டி.யைச் செஞ்சுட்டாரு. ஆனா நீலம் மட்டும் 30 வருஷம் சிக்கல. நீலம் இல்லாம வெள்ளை கிடைக்காது. 1990-கள்ல ஜப்பான் விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேரும் அதைச் சாதிச்சாங்க. 2014-ல இயற்பியல் நோபல் பரிசு. நீல எல்.இ.டி. மேல மஞ்சள் பாஸ்பர் பூசினா நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும். உங்க வீட்டு பல்பு, செல்போன் ஃபிளாஷ் எல்லாம் இந்த டெக்னிக்தான்.

2015 ஜனவரி 5-ம் தேதி மத்திய அரசு ரெண்டு திட்டம் தொடங்குச்சு. வீடுகளுக்கு உஜாலா, தெருக்களுக்குத் தேசியத் தெருவிளக்குத் திட்டம். மொத்தமா வாங்குனதுல விலை சரிஞ்சுது. 2014 தொடக்கத்துல அரசு ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கிச்சு. 2016-ல அதே பல்பு 38 ரூபாய்.

இப்ப நம்ம சோழர் கணக்குக்கு வருவோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமென் வெளிச்சம் தரும். ஒரு திரி விளக்கை மெழுகுவத்தி அளவுன்னு வெச்சுக்கிட்டா சுமார் 12 லூமென். அப்போ ஒரு பல்புக்கு 75 விளக்கு. விளக்குக்கு 96 ஆடுன்னா 7,200 ஆடு! தோராயக் கணக்குதான், ஆனா விஷயம் புரியும். அந்த பல்பை ராத்திரி பகலா நந்தா விளக்கு மாதிரி எரியவிட்டாலும் ரெண்டு மாசத்துக்கு 13 யூனிட்தான். தமிழ்நாட்டுல 2016-லேர்ந்து வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ராஜராஜன் பாத்திருந்தா மயங்கியிருப்பாரு.

கணக்கு நின்னுபோனா?

மலிவானா மிச்சம் ஆகும்னுதானே நினைப்போம்? செயற்கைக்கோள் படங்களை வெச்சு 2017-ல வந்த ஒரு ஆய்வு, 2012-லேர்ந்து 2016 வரை உலகத்துல வெளிச்சம் போட்ட நிலப்பரப்பு வருஷத்துக்கு 2.2 சதவீதம் கூடிக்கிட்டே போனதைக் காட்டுச்சு. அதுவும் அந்தச் செயற்கைக்கோளுக்கு நீல வெளிச்சம் சரியாத் தெரியாது, அதனால உண்மை இன்னும் அதிகமா இருக்கலாம். 2023-ல, 50,000 பேருக்கு மேல வானத்தைப் பாத்துப் பதிவு செஞ்ச தகவலை வெச்சு இன்னொரு ஆய்வு வந்துச்சு. ராத்திரி வானம் வருஷத்துக்குச் சராசரியா 9.6 சதவீதம் வெளுத்துக்கிட்டே வருதாம். அந்த வேகத்துல போனா, 250 நட்சத்திரம் தெரியுற இடத்துல பிறந்த குழந்தைக்கு 18 வயசாகும்போது 100தான் தெரியும்.

அப்பாயி கண்ணுக்கு வருவோம். நம்ம கண்ணுல பாக்குறதுக்கு மட்டும் இல்லாம, இது பகலா ராத்திரியான்னு உடம்புக்குச் சொல்ற செல்களும் இருக்கு. அதுக்கு நீலம்தான் அதிகம் உறைக்கும். நீலம் பட்டா, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு குறையும். பழைய சோடியம் விளக்கோட மஞ்சள்ல நீலம் ரொம்பக் கம்மி. 6,500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில நிறைய. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-லயே தெருவிளக்கு 3,000 கெல்வினுக்கு மேல வேண்டாம்னு சொல்லிடுச்சு.

மனுஷனுக்கு மட்டும் இல்ல. அரியலூர் மாவட்டத்துல கரைவெட்டி ஏரி இருக்கு, 2024-ல ராம்சர் தளமா அறிவிச்சாங்க. இமயமலையைத் தாண்டிப் பறக்குற வரித்தலை வாத்து வர்ற இடம். பல வலசைப் பறவைகள் ராத்திரியிலதான் பறக்கும். பிரகாசமான வெளிச்சம் அதுங்களை வழிமாத்திவிடும். அப்படிப்பட்ட ஏரியைச் சுத்தி எந்த விளக்கு, எந்தத் திசையில வைக்கிறோம்ங்கிறது சின்ன முடிவு இல்ல.

"லைட்டை எடுக்கச் சொல்லிடாத"

இவ்வளவும் படிச்சிட்டு, அந்த லைட்டைப் பத்திப் புகார் கொடுக்கலாம்னு வீட்டுல சொன்னேன். அத்தைக்குக் கோபம் வந்துடுச்சு. அத்தை பெரம்பலூர்ல ஒரு ஜவுளிக்கடையில வேலை பாக்குது. கடைசி பஸ்ல வந்து இறங்க 9:30 ஆகும்.

"லைட்டை எடுக்கச் சொல்லிடாத. அது இல்லாதப்ப மாமா டார்ச்சோட வந்து நிப்பாரு. ஒருநாள் அவர் வரலன்னு நான் தனியா வந்தேன். பாம்பு குறுக்க போனது மிதிக்கிற தூரத்துக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நீ மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு இருட்டு அழகுன்னு பேசுவ."

எனக்குப் பதில் இல்ல. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரிங்க ஓடுற ரோட்டுல, ஓரமா நடக்கிறவங்களுக்கு வெளிச்சம் உயிர் காக்கிற விஷயம். அத்தையும் சரி, அப்பாயியும் சரி.

அப்புறம்தான் கம்பத்தை ஒழுங்கா அண்ணாந்து பாத்தேன். விளக்கு ரோட்டைப் பாக்காம, மேல் பக்கமா சாஞ்சு எங்க வீட்டைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சொல்லி அனுப்பி மூணு வாரம் கழிச்சு ஒரு வயர்மேன் அண்ணன் வந்தாரு. ஏணி வெச்சு ஏறி, போல்ட்டைத் தளர்த்தி விளக்கைக் கீழ்ப்பக்கமா திருப்பி, வீட்டுப் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பா வெச்சுக் கட்டினாரு. 10 நிமிஷ வேலை. ரோட்டுல வெளிச்சம் முன்னைவிட நல்லா விழுது. திண்ணையில நிழல். அப்பாயி இப்ப துண்டு இல்லாமத் தூங்குதுன்னு அத்தை போன்ல சொல்லுச்சு. நிறம் இன்னும் அதே வெள்ளைதான், அதை மாத்த எங்களால முடியல.

ஆயிரம் வருஷமா வெளிச்சத்துக்கு விலை இருந்ததால, எங்க, எவ்வளவு, எந்நேரம்னு யோசிச்சோம். விலை போயிடுச்சு, யோசனையும் கூடவே போயிடுச்சு. ஆடு மேய்க்கிற வேலை இனி இல்ல. ஆனா விளக்கைப் பாத்துக்கிற ஆள் இன்னும் வேணும்.

அடுத்த தடவை பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில வாட்டோட கெல்வினையும் பாருங்க. படுக்கையறைக்கு 2,700 இல்ல 3,000 போதும். உங்க தெருவிளக்கு ரோட்டைப் பாக்குதா, உங்க ஜன்னலைப் பாக்குதான்னு இன்னிக்கு ராத்திரி வெளியில போய்ப் பாத்துட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.