ஹிமா: புல்வெளி காத்த நீதி

‘ஹிமா’ என்பது அரபுச் சொல். ‘காக்கப்பட்ட இடம்’ என்பது அதன் பொருள். மழை அருகிய அரபு நாட்டில் புல்லே செல்வம். பாலும் இறைச்சியும் பயணமும் போரும் அப்புல்லைத் தின்று வாழும் கால்நடைகளையே நம்பியிருந்தன. ஆகவே, புல்வெளியை யாருக்காகக் காப்பது என்னும் வினா, அம்மண்ணில் வாழ்வையே பற்றிய வினாவாயிற்று. இயற்கையைப் பேணுதல் பற்றி இஸ்லாம் கூறுவதை அறிய விழைவோர், இவ்வினாவிலிருந்து தொடங்குதல் தகும்.

அறியாமைக் காலத்தில் ஹிமா வலியோரின் உடைமையாக இருந்தது. குலத்தலைவர் ஒருவர் செழிப்பான நிலத்தைக் கண்டால், மேட்டின் மீது நாயொன்றை நிறுத்திக் குரைக்கச் செய்வார். அவ்வொலி எட்டிய எல்லைவரை அவருக்கே உரியதாகும் என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் விளக்குகின்றார்கள். அங்கே பிறர் மந்தை நுழையலாகாது. அவருடைய மந்தையோ பிறர் நிலத்திலும் மேயும். தஃக்லிப் குலத் தலைவர் குலைப், அயலாரின் ஒட்டகமொன்று தம் மேய்ச்சலில் புகுந்ததென அதன் மீது அம்பெய்தார். அதனால் மூண்ட பஸூஸ் போர் நாற்பது ஆண்டுகள் நீடித்தது என்பர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை வேரறுத்தார்கள். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமன்றி வேறெவருக்கும் ஹிமா இல்லை என அறிவித்தார்கள். இதனை ஸஃபு இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். காத்தல் ஒழிக்கப்படவில்லை; தன்னலத்துக்காகக் காத்தலே ஒழிக்கப்பட்டது. முஸ்லிம்களின் குதிரைகளுக்காக நகீஃ என்னும் புல்வெளி காக்கப்பட்டது. மதீனாவைச் சூழ்ந்த நிலப்பகுதியில் மரம் வெட்டுதலும் வேட்டையாடுதலும் தடுக்கப்பட்டன. நீரும் புல்லும் நெருப்பும் மக்கள் அனைவர்க்கும் பொது என்பதும் அன்னாரின் போதனையே.

இந்நெறியின் முழுப்பொருளை ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634–644) காண்கிறோம். ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை அவர்கள் ஹிமாவாக்கினார்கள். அதன் காவலராக ஹுனை என்னும் தம் பணியாளரை நியமித்தபோது கூறிய அறிவுரை, ஆட்சியாளர் அனைவரும் நெஞ்சிற் பொறிக்கத்தக்கது. மக்களிடம் மென்மையாக நடந்துகொள். அநீதியிழைக்கப்பட்டோரின் இறைஞ்சுதலுக்கு அஞ்சு. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியோரை உள்ளே விடு. ஆனால் இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே என்றார்கள்.

அவ்விருவர் யாவர்? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகிய பெருந்தகையர். சுவன நற்செய்தி பெற்ற பதின்மருள் இருவர். அவர்களையும் விலக்கக் காரணம் என்ன? அவர்களின் கால்நடைகள் மடிந்தாலும் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் அவர்களுக்கு உண்டு. ஏழையின் மந்தை மடிந்தாலோ, அவன் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாயிலில் வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது நீரும் புல்லும் கொடுப்பது எளிது! அந்நிலம் மக்களுடையது, அறப்போருக்குரிய ஊர்திகளின் தேவை இல்லையேல் ஒரு சாண் நிலத்தையும் நாம் ஹிமாவாக்கியிரோம் என்றும் கலீஃபா அவர்கள் தெளிவுறுத்தினார்கள்.

பிற்காலத்தில் அரபு நாட்டின் ஊர்களும் குலங்களும் தத்தம் ஹிமாக்களை முறைவைத்துக் காத்துவந்தன. 1953இல் சவூதி அரேபியாவில் பிறந்த அரச ஆணை அம்மேய்ச்சல் நிலங்களைப் பொதுவில் திறந்துவிட்டது. காவல் நீங்கிய நிலங்கள் பல அளவிறந்த மேய்ச்சலால் வறண்டன. லெபனானில் 2004இல் இப்லுஸ் ஸகீ என்னும் ஊரில் ஹிமா மீண்டும் உயிர்பெற்றது. ஊர்மக்களே அங்குக் காவலில் பங்கேற்கின்றனர்.

குலைபின் ஹிமாவில் புல் இருந்தது, நீதி இல்லை. காவலற்ற நிலத்தில் உரிமை இருந்தது, புல் எஞ்சவில்லை. இரண்டையும் ஒருங்கே காத்தது உமர் (ரலி) அவர்களின் வழி. மரத்தையும் நீரையும் காக்கச் சட்டமியற்றுவோர், அதன் சுமை ஏழையின் தோளில் விழுகின்றதா, செல்வர் மந்தை தடையின்றி நுழைகின்றதா என்பதையும் நோக்கக் கடமைப்பட்டுள்ளனர். பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை நீதியோடு பேணும் நல்லறிவை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக!