வற்றல்

காய், மிளகாய் முதலியவற்றை உப்பிட்டு, வெயிலில் நீர் வற்றக் காயவைத்து, ஆண்டு முழுக்க வைத்துப் புழங்கும் உணவு வற்றல். மாவுக்கூழைப் பிழிந்து காயவைத்தால் அது வடகம். பேச்சில் பல வீடுகளில் இரண்டுமே ‘வத்தல்’தான். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், மாங்காய் ஆகியவை தமிழ்நாடெங்கும் வற்றலாகின்றன.

பங்குனி முதல் வைகாசி வரை இதற்கான பருவம். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில் உச்சம். சென்னைக்குள்ளேயே வெயில் இடத்துக்கு இடம் மாறும். பகலில் மயிலாப்பூரை எட்டிவிடும் கடற்காற்று, அயனம்பாக்கம், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வந்துசேர நேரமாகும். அதுவரை மொட்டைமாடி கொதிக்கும். ஊரார் திட்டும் அந்தத் தாமதம் வற்றல் போடுகிறவர்களுக்கு வரம்.

மோர்மிளகாய்க்குப் பொறுமை வேண்டும். மிளகாயைக் காம்போடு கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவிட்டு, காலையில் பிழிந்து வெயிலில் பரப்புவார்கள். மாலையில் மறுபடி அதே மோரில். மூன்று நான்கு நாளில் மோர் முழுவதும் மிளகாய்க்குள் போய்விடும். பிறகு மோரின்றிக் காயவேண்டும். ஒன்றை எடுத்து ஒடித்தால் சடக்கென முறியவேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் பாக்கி.

இப்படி நீர் வற்றுவதால்தான் வற்றல் கெடுவதில்லை. பொருளில் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கக்கூடிய நீரின் அளவை நீர்ச்செயல்பாடு என்பர். அது 0.6க்குக் கீழே இறங்கினால் பூசணம் உட்பட எந்த நுண்ணுயிரும் பெருகாது.

போடுவதைவிடக் காப்பதே கடினம். வெயிலிலிருந்து எடுத்ததும் சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, அந்த ஈரமே பூசணத்துக்கு இடம் தரும். ஆறவிட்டுப் பீங்கான் ஜாடியிலோ எவர்சில்வர் சம்படத்திலோ போட்டு இறுக மூடவேண்டும். ஈரக்கையோ ஈரக்கரண்டியோ படக்கூடாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில், அதிலும் ஏரியை ஒட்டிய அயனம்பாக்கம் போன்ற ஊர்களில், வற்றல் நமுத்துவிடும். மழை விட்டு வெயிலடிக்கும் நாளில் மறுபடி காயவைத்தால் போதும்.

வற்றலோடு வீட்டில் சேமித்துவைக்கும் பயறுக்கு வேறு பக்குவம். முழுப்பயற்றின் மேல் பயறு வண்டு முட்டையிடும். கிலோவுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெய் புரட்டினால், எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகவிடாது. அரிசியில் வேப்பிலையோ வசம்போ போடும் வழக்கமும் உண்டு. நன்றாகக் காய்ந்திராத அரிசிக்கு எதைப் போட்டும் பயனில்லை.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையைக் கடந்தபின் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியான அத்தகைய நாட்களில் வற்றல்குழம்புக்கு ஜாடியிலுள்ள வற்றலோடு அடுப்பும் புளியும் போதும்.

பூசணம் பூத்த மிளகாயைத் துடைத்தோ வறுத்தோ பயன்படுத்தக்கூடாது. சிலவகைப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு சமையல் சூட்டில் முழுதும் அழிவதில்லை.