மோட்டாரின் தலையெழுத்து

மனிதனுடைய தலையெழுத்தைப் பிரமன் எழுதுகிறான்; மோட்டாரின் தலையெழுத்தைச் சர்க்கார் எழுதுகிறது. அமெரிக்காவில் ஆரம்பத்தில் சர்க்கார் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1901-இல் நியூயார்க் ராஜ்யம் மோட்டார்களைப் பதிவு செய்யச் சட்டம் செய்தபோது, சொந்தக்காரர் தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தாமே எழுதி மாட்டிக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டது. தோலிலும் மரத்திலும் உலோகத்திலும் அவரவர் மனம்போல் மாட்டிக்கொண்டார்கள். ஒரே முதலெழுத்துள்ள இருவர் மோதிக்கொண்டால் போலீஸ்காரர் பாடு என்ன? 1903-இல் எண்கள் வந்தன. அதே வருஷம் மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் இரும்புத் தகட்டில் பீங்கான் பூச்சுக் கொடுத்துத் தானே பலகை வழங்க முற்பட்டது.

பிறகு, எண் மட்டும் இருந்தால் போதுமா, ஊர்ப் பெருமை வேண்டாமா என்ற ஆசை பிறந்தது. 1928-இல் ஐடஹோ தன் உருளைக்கிழங்கைப் பலகையில் ஏற்றியது. அதே வருஷம் மாஸசூஸெட்ஸ் ஒரு மீனைப் போட்டது. அந்த மீன் ராஜ்யத்தின் பெயருக்குப் புறமுதுகு காட்டி நீந்தியதால்தான் கடலில் மீனே அகப்படவில்லை என்று செம்படவர்கள் குறைப்பட்டதாக ஒரு கதை உண்டு. யுத்த காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இல்லினாய் 1943-இல் சோயா மொச்சை கலந்த அட்டையில் பலகை செய்தது. ஆடுமாடுகள் அதை ருசி பார்த்தனவாம்!

இவையெல்லாம் சிரிப்பதற்கு. நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது அப்படியல்ல.

1809-இல், வயோதிகரான ஜெனரல் ஜான் ஸ்டார்க், தம் பழைய போர்த் தோழர்களின் கூட்டத்துக்குப் போக இயலாமல் ஒரு வாழ்த்து எழுதி அனுப்பினார். 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்து மடி' என்பது அதன் சாரம். 1971-இல் அதைப் பலகைகளில் பொறித்தார்கள். பொறித்தவர்கள் யார் என்கிறீர்கள்? ராஜ்யச் சிறையிலிருந்த கைதிகள்!

ஜார்ஜ் மேனார்டு என்பவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். உயிர் கடவுள் தந்தது. ஒரு ராஜ்யத்தின் வாக்கியத்துக்காக அதைவிடச் சொல்வதை என் வண்டி ஏன் சுமக்க வேண்டும் என்று எண்ணி, அந்தச் சொற்களை நாடாவால் மறைத்தார். 1974-இல் பிடித்தார்கள். அபராதம் விதித்தார்கள். மனச்சாட்சி இடங்கொடாது என்று கட்ட மறுத்து, பதினைந்து நாள் சிறையிருந்தார். சுதந்திரத்தைப் போற்றும் வாக்கியத்தை மறைத்ததற்காகச் சிறை!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஏறிற்று. வண்டிகளை அடையாளம் காண வாக்கியம் உதவுகிறது, சரித்திரப் பெருமையையும் வளர்க்கிறது என்று ராஜ்யம் வாதாடியது. அடையாளத்துக்கு எண்களும் எழுத்துக்களும் இருக்கின்றனவே என்றது கோர்ட்டு. 1977-இல் பிரதம நீதிபதி பர்கர் தீர்ப்பெழுதினார்: பேசும் உரிமையில் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும், ஒருவருடைய சொந்த வண்டியைச் சர்க்காரின் நடமாடும் விளம்பரமாக்கக் கூடாது. அப்படியானால் டாலர் நாணயத்தில் கடவுள் பெயர் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார் ஒரு நீதிபதி. நல்ல கேள்விதான். ஆனால் காசு கைமாறிப் போய்விடும். சட்டைப் பையில் ஒளிந்திருக்கும். வண்டியோ வாசலில் நிற்கிறது, அண்டை அயலார் பார்க்க.

தீர்ப்புக்குப் பிறகும் நியூ ஹாம்ப்ஷயர் பலகையில் அந்த வாக்கியம் தொடர்ந்து இருந்து வருகிறது. வேண்டாதவர் அதை மறைத்துக்கொள்ளலாம்.